கூஸ் வாத்தில் ஆணா பெட்டையா: ஒரு பிராக்டிகல் தேர்வு எனக்குக் கற்றுத் தந்தது

கால்நடை மருத்துவப் படிப்பில் கோழியினப் பாடத்துக்கு உள்தேர்வு. கூண்டில் நான்கு வெள்ளை கூஸ் வாத்துகள், காலில் எண் போட்ட வளையம். "மூணாம் நம்பரைப் பிடிச்சு ஆணா பெட்டையான்னு சொல்லு" என்றார் தேர்வாளர். பிடித்தேன், மல்லாத்தினேன், எச்சத்துவாரத்தை விரித்துப் பார்த்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. "பெட்டை, சார்" என்றேன்.

அவர் அதே பறவையை வாங்கித் தன் முழங்காலில் கிடத்தினார். அவசரமே இல்லை. விரலில் வாசலின் தடவி, துவாரத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நுழைத்து, மெல்ல வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். இறுகியிருந்த தசை தளர்ந்தது. பிறகு இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தியதும், திருகாணி போல முறுக்கு விழுந்த வெளிறிய உறுப்பு ஒன்று நழுவி வெளியே வந்தது. ஆண். என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: "உன் கண்ணுக்குத் தெரியலைன்னா, அது இல்லைன்னு அர்த்தமா?"

இந்தத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். உறுப்பைப் பார்த்துவிட்டால் ஆண், அதில் சந்தேகம் கிடையாது. பார்க்கவில்லை என்றால் பெட்டை என்று உடனே முடிவு கட்ட முடியாது. தசை தளராமல் இருந்திருக்கலாம், பறவை மிரண்டு இறுக்கிக்கொண்டிருக்கலாம், வயது வராத ஆணாக இருந்து உறுப்பு மிகச் சின்னதாக இருக்கலாம். இந்தச் சோதனையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஆணைப் பெட்டை என்று சொல்லும் தவறுகள்தான். பெட்டை என்று சொல்ல வேண்டுமானால், துவாரம் முழுசாக வெளியே மலர்ந்து, உள்ளே இருக்கும் தட்டையான சதை மடிப்பை நாம் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதன் பின்னணியைக் கேட்பார்கள். பறவை இனங்களில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றேழில் ஆணுக்கு வெளியே நீளும் உறுப்பு கிடையாது. சேவலுக்கும் அங்கே ஒரு சிறு மேடுதான். வாத்து, கூஸ், தீக்கோழி போன்ற சிலவற்றுக்குத்தான் உண்டு. கூஸுக்கு அது விறைப்பது இரத்தத்தால் அல்ல, நிணநீரால். விந்து உள்ளே குழாய் வழியாகப் போவதில்லை, வெளிப்பக்கம் சுருண்டு ஓடும் பள்ளத்தின் வழியாகப் போகிறது. இந்த இரண்டையும் தெளிவாகச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி பெரும்பாலும் எளிதாகவே வரும்.

பிடிக்கும் முறைக்கு நான் தனியாக நேரம் ஒதுக்கினேன். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது; அவ்வளவு எடைக்கு அந்தக் கால் தாங்காது, மூட்டு பிசகிவிடும். இறக்கையைப் பிடித்துத் தூக்குவதும் தப்பு. கழுத்தின் மேல்பகுதியை இறுக்காமல் பிடித்து, மறு கையை உடம்புக்கு அடியில் கொடுத்து அணைத்துக்கொள்ள வேண்டும். தலை உங்கள் முதுகுப் பக்கமும் வால் முன்பக்கமும் இருக்கட்டும். அப்போது கடிக்கவும் முடியாது, எச்சமும் உங்கள் மேல் படாது. குஞ்சு என்றால் இன்னும் கவனம் வேண்டும். பொரித்த ஓரிரு நாளில் பார்ப்பதுதான் சுலபம். வாலை முதுகுப் பக்கமாக லேசாக வளைத்து, துவாரத்தின் ஓரங்களை விரலால் மெல்ல விலக்கினால், ஆணுக்கு முள் நுனி அளவில் ஒரு நீட்சி தெரியும். பலமாக அழுத்தினால் குஞ்சுக்கு உள்ளே காயமாகிவிடும். மதிப்பெண்ணுக்காக ஒரு உயிரை நசுக்காதீர்கள். தெரியவில்லை என்றால் "தெரியவில்லை, சார்" என்று சொல்லிவிட்டுக் கீழே விடுங்கள்.

உள்தேர்வு முடிந்த கையோடு ஊருக்குப் போயிருந்தேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம், எங்கள் தெரு முனைத் தோப்பில் காவலுக்குக் கூஸ் வளர்க்கிறார்கள். விடியற்காலையில் அந்தப் பெரியம்மாவிடம் அனுமதி கேட்டுப் போனேன். நான் ஒவ்வொன்றாகத் துரத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏங் கண்ணு, இதுக்கு எதுக்குப் புடிக்கோணும்? காதுல கேளு" என்றார். கையிலிருந்த தவிட்டுத் தட்டை மண்ணில் ஒரு தட்டுத் தட்டினார். ஒன்பதும் கத்தின. கொஞ்ச நேரம் எல்லாம் ஒரே கூச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் பிரிந்து கேட்டது. சிலது கீச்சென்று உயர்ந்த குரல், சிலது அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று. உயர்ந்த குரல் ஆண், கரகரத்த தாழ்ந்த குரல் பெட்டை. நம் காதுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அதனாலேயே தேர்வில் பலர் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். நாட்டு வாத்தோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் பெட்டைதான் உரக்கக் கத்தும், ஆணின் குரல் அடங்கியது, வாலில் சுருண்ட இறகும் இருக்கும். கூஸில் அந்தச் சுருள் இறகைத் தேடிப் பிரயோஜனமில்லை.

நம் பக்கம் காவலுக்கு அதிகம் வளர்ப்பது சீன வகை. அலகு நெற்றியோடு சேரும் இடத்தில் ஒரு குமிழ் இருக்கும். ஆணுக்கு அது பெரிது, சீக்கிரமும் வளரும். ஆனால் ஒரே வயசுப் பறவைகளைத்தான் இதை வைத்து ஒப்பிட வேண்டும். மூன்று வயசுப் பெட்டையின் குமிழ், ஒரு வயசு ஆணின் குமிழைவிடப் பெரிதாக இருக்கலாம். எடையும் அப்படித்தான்: இந்த வகையில் வளர்ந்த ஆண் ஏறக்குறைய 5.4 கிலோ, பெட்டை 4.5 கிலோ. ஒரு கிலோ வித்தியாசத்தை இறகு மூடிய உடம்பில் கண்ணால் அளக்க முடியாது. வயிற்றுக்கு அடியில் தொங்கும் மடிப்பைப் பார்த்து பெட்டை என்று சொல்வோரும் உண்டு. சில வகைகளில் இரு பாலுக்கும் அது வரும் என்பதால் நான் அதை நம்புவதில்லை. ஆள் நெருங்கும்போது தலையைத் தாழ்த்திச் சீறிக்கொண்டு முன்னால் வருவது பெரும்பாலும் ஆண். அடையில் இருக்கும் பெட்டையும் அப்படிச் சீறும்.

நிறம் பற்றிய கேள்விக்கு பில்கிரிம் வகையைச் சொல்லுங்கள். அமெரிக்கக் கோழியினச் சங்கம் 1939இல் அங்கீகரித்த வகை இது. வளர்ந்த ஆண் வெள்ளை, பெட்டை சாம்பல்; குஞ்சிலேயே ஆண் வெளிறியும் பெட்டை கருத்தும் இருக்கும். எம்டன் வகையில் வளர்ந்தவை எல்லாமே வெள்ளை, ஆனால் பொரித்த குஞ்சில் ஆணின் தூவி சற்று வெளிர் நிறம். மரபணுச் சோதனையைக் கேட்டால்: பறவைகளில் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் பெட்டைக்கு இசட்-டபிள்யூ, ஆணுக்கு இசட்-இசட். இசட், டபிள்யூ இரண்டிலும் வெவ்வேறு நீளத்தில் இருக்கும் சிஹெச்டி என்ற மரபணுவைப் பெருக்கிப் பார்த்தால் பெட்டைக்கு இரண்டு கோடு, ஆணுக்கு ஒன்று. ஓர் இறகின் அடிக்குருத்து போதும்.

அந்தத் தோப்பில்தான் இதெல்லாம் வெறும் மதிப்பெண் விஷயமல்ல என்று உறைத்தது. பெரியம்மா தனியாக ஒரு ஜோடியைப் பிரித்து வைத்திருந்தார். இரண்டு வருஷமாக முட்டை இடுகிறது, முப்பது நாள் அடைகாக்கிறது, ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. "வித்தவன் ஜோடின்னுதான் குடுத்தான்" என்றார். இரண்டின் குரலும் கரகரத்த குரல்தான். பிடித்து, பதறாமல் தசையைத் தளர்த்தி, இரண்டையும் முழுசாக விரித்துப் பார்த்தேன். இரண்டிலும் தட்டையான மடிப்பு. மறுநாளும் பார்த்தேன், அதேதான். இரண்டும் பெட்டை. அடை விடாமல் பட்டினி கிடந்து இளைத்திருந்த அந்தப் பறவைகளைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. பெரிய கூட்டத்திலிருந்து ஓர் ஆணை அவற்றோடு சேர்க்கச் சொன்னேன்; சீன வகையில் ஓர் ஆணுக்கு நான்கைந்து பெட்டை வரை தாராளமாக விடலாம்.

அன்றிலிருந்து என் ரெக்கார்டில் மூன்று கட்டங்கள் போட ஆரம்பித்தேன்: ஆண், பெட்டை, மறுபடி பார்க்க. நீங்களும் அப்படிப் போடுங்கள். ஒவ்வொரு வளைய எண்ணுக்கும் எதைப் பார்த்தீர்கள், எந்தக் குரல் கேட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு சாட்சியை மட்டும் நம்பாமல் குரலும் துவாரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஆண்டு இறுதித் தேர்வில் வேறு தேர்வாளர், ஐந்து பறவைகள். பிடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று குரலைக் கேட்க அனுமதி கேட்டேன். சரி என்றார். மூன்றில் உறுப்பைக் காட்டினேன், ஒன்றில் மடிப்பைக் காட்டினேன். ஐந்தாவது இளசு, தசை தளரவே இல்லை. "குரல் இன்னும் உடையலை, சார். உறுப்பு தெரியலை. அதனால பெட்டைன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பார்க்கணும்" என்றேன். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, அந்தப் பறவையை மெதுவாகக் கீழே விடச் சொன்னார்.