பித்தளைக் கூட்டின் கழுத்து

நேற்று ராத்திரி உட்கார்ந்து இருபது தோட்டா கட்டினேன். வின்செஸ்டர் 1873 லீவர் ரைஃபிளின் இத்தாலிய நகலுக்கு, .44-40 என்ற ரகத் தோட்டா. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 40 கிரெய்ன் (தோட்டா மருந்தை நிறுக்கும் சின்ன எடை அளவு) கருமருந்து. மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கூடு இன்று அடி தடிமனாக வருவதால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கொள்ளும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடம் மட்டும் விடவே கூடாது.

கூட்டின் கழுத்து காகிதம் மாதிரி. கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டையில் ஒரு நூலிழை பிசகினால் கசங்கிவிடும். மூன்று போனது. விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. ஆனால் அந்த மெலிசுதான் சுடும்போது சட்டென்று விரிந்து அறையை அடைத்து, கரி பின்னால் வராமல் காக்கிறது. இந்தத் தோட்டாமேல் எனக்குப் பிரியமே அதனால்தான்.

குண்டு தட்டை மூக்குதான் போடவேண்டும். தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய் மேகசினில் ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில், அதாவது அடியில் தீ மூட்டும் சிமிழில், முட்டி நிற்கும். கூர்மூக்கு என்றால் உள்ளேயே வெடிக்கலாம். சுடும்போது தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கும் 1873இன் பூட்டும் பலவீனமானது. வேகத்துக்காகக் கையேட்டு அளவைத் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது, தயவுசெய்து வேண்டாம்.

காலையில் ரேஞ்சில் வெள்ளைப்புகை, கந்தக வாசனை. வீட்டுக்கு வந்து குழலில் வெந்நீர் ஊற்றினேன். மூன்றாவது கெட்டிலுக்குத்தான் தண்ணீர் தெளிந்தது.