வேலூர் அடுப்பில் ஆண்டிஸ் மலைச் சாப்பாடு: நாட்குறிப்பு

மார்ச் 3

முதுகுப்பையோடு போகிற வழி பெருவில் லிமா, கூஸ்கோ, பிறகு பொலிவியாவில் லா பாஸ். கிளம்ப இன்னும் 6 வாரம் இருக்கிறது. அதற்குள் அந்த ஊர்ச் சாப்பாட்டில் நாலைந்தை வேலூரிலேயே சமைத்துப் பார்க்க வேண்டும். பக்குவம் கைக்கு வந்தால்தான், அங்கே தெருக்கடையில் எது இன்று செய்தது, எது நேற்று மிஞ்சியது என்று கண்ணுக்குத் தெரியும்.

நேதாஜி மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு, மிளகாய், தக்காளி, வேர்க்கடலை வாங்கியாயிற்று. நான்குமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். வட ஆர்க்காட்டு மானாவாரியில் விளைகிற வேர்க்கடலைக்கே தாய்நிலம் தென் அமெரிக்கா.

மார்ச் 5

பாப்பா அ லா வாங்கையினா. அவித்த உருளைக்கிழங்கின் மேல் மஞ்சள் மிளகாய்ச் சாஸ் ஊற்றி, ஆறவைத்தே பரிமாறுகிற பெரு நாட்டுப் பதார்த்தம்.

உயிர்நாடி அஹி அமரியோ என்ற மிளகாய். இங்கே கிடைக்காது. மஞ்சள் குடைமிளகாய் 1, காய்ந்த மிளகாய் 3 போட்டுச் சரிக்கட்டலாம். காய்ந்த மிளகாய்க்கு ஆம்பூர் பிரியாணி மாஸ்டர்களின் முறையே போதும்: காம்பும் விதையும் நீக்கி, வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, விழுதாக அரைக்க வேண்டும். மிளகாய்த்தூள் போட்டால் பச்சை வாடை அடிக்கும், நிறமும் மங்கும். பெருவிலும் வேலை ஏறக்குறைய இதேதான். மிளகாயை விதை நீக்கி, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி வேகவைத்து, தோல் உரித்து அரைக்கிறார்கள். காரம் தணியும், மணம் நிற்கும்.

4 பேருக்கு அளவு: பெரிய வெங்காயத்தில் சிறியதாக 1, பூண்டு 2 பல், எண்ணெய் 2 மேசைக்கரண்டி. குடைமிளகாயோடு வதக்கி, நன்றாக ஆறவிட வேண்டும்; சூட்டோடு போட்டால் மிக்ஸி மூடி எகிறும். பிறகு மிளகாய் விழுது, பனீர் 200 கிராம், உப்பு பிஸ்கட் 5, பாதியாகச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால் 100 மில்லி. பாலை மொத்தமாக ஊற்றினால் மோர்க்குழம்பாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்து, கரண்டியின் பின்புறத்தில் தோய்த்து விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடாமல் நிற்க வேண்டும். பிஸ்கட் ஊற ஊறச் சாஸ் இறுகும் என்பதால் ஒரு சுற்று தளர்வாகவே நிறுத்துவது நல்லது. உப்பு கடைசியில், பிஸ்கட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

கிழங்கைத் தோலோடு அவித்து, முழுக்க ஆறியபின் வெட்டினால் உதிராது. மேலே பாதி முட்டை, கறுப்பு ஆலிவ்.

சாஸ் எலுமிச்சைச் சாத நிறத்தில் இருந்தால் நம்பிச் சாப்பிடலாம். வெளுத்திருந்தால் மிளகாயைக் குறைத்து பிஸ்கட்டைக் கூட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 9

செவிச்சே என்கிற பெரு நாட்டு மீன் பதார்த்தம் இங்கே வேண்டாம். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் போட்டால் சதை வெளுத்து, வெந்த மாதிரி தெரியும். புளிப்பு புரதத்தை இறுக்குகிறது, அவ்வளவுதான். கிருமியும் புழுவும் சாகும் என்று நம்பக்கூடாது. கடலை விட்டு இவ்வளவு தள்ளியிருக்கிற ஊரில், ஐஸில் வந்த மீனை வைத்து அந்த விளையாட்டு கூடாது. வேகவைத்த காளானில் செய்தால் சுவை பிடிபடும். லிமாவில் மதியத்தில், கூட்டம் உள்ள கடையில் சாப்பிடுவது உத்தமம். காலையில் வந்த மீனை மதியத்துக்குள் முடிப்பதுதான் அவர்கள் வழக்கம். 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய சமையல் செவிச்சே. ஆற அமரச் சாப்பிட வேண்டியது.

மார்ச் 14

கினோவா சூப். கினோவா என்பது தினை போல் சிறு மணியாக இருக்கும் ஆண்டிஸ் மலைத் தானியம். அதைத் தேய்த்துக் கழுவும்போது நுரை வரும். அது சபோனின், கசக்கும். நுரை நிற்கிறவரை நாலைந்து தண்ணீர் மாற்ற வேண்டும். 15 நிமிடத்தில் மணி கண்ணாடி போலாகி, வெள்ளை வால் ஒன்று சுருண்டு பிரியும். அதுதான் பதம்.

லா பாஸ் சுமார் 3,600 மீட்டர் உயரம். தண்ணீர் 88 டிகிரி அருகிலேயே கொதித்துவிடுவதால் சோறும் பருப்பும் திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. விடுதிச் சமையலறையில் குக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போய் இறங்கிய இரண்டு நாளைக்கு இந்தச் சூப்பே போதும். வயிறு முட்டத் தின்றால் மேட்டுநிலத் தலைவலியோடு குமட்டலும் சேரும். கோக்கா இலைத் தேநீர் அங்கே எங்கும் கிடைக்கும். குடிக்கலாம், ஆனால் இலையைப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தால் இங்கே சட்டப்படி குற்றம்.

மார்ச் 20

சைவக்காரர்களுக்கு: ஸ்பானிஷில் "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும். கார்னே என்றால் பல கடைகளில் மாட்டிறைச்சி மட்டும்தான். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ" (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டோடு முதலில் வரும் சூப் பெரும்பாலும் எலும்புச் சாற்றில் செய்தது, அதைத் தனியாகக் கேளுங்கள்.

மார்ச் 27

சூன்யோ என்கிற உறையவைத்துக் காயவைத்த உருளைக்கிழங்கை மட்டும் வேலூரில் செய்ய வழியில்லை. ஜூன், ஜூலை உறைபனி இரவில் கிழங்கை வெளியே பரப்பி, காலையில் காலால் மிதித்து நீர் பிழிந்து, வெயிலில் காயவைக்கிறார்கள். நம் வற்றல் மாதிரிதான். வெயில் இங்கே வேண்டிய அளவு உண்டு, உறைபனிக்கு எங்கே போவது? அங்கே சந்தையில் கால் கிலோ வாங்கி, இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, இன்னொரு தண்ணீரில் அலசிவிட்டு வேகவைக்க வேண்டும். அலசாவிட்டால் கசக்கும்.