ஒரே எல்போ, இரண்டு மரை

சுபாங் விமான நிலையத்து ஹாங்கர்களில் நிற்கும் சின்ன விமானங்களின் பிரேக், எரிபொருள் லைன்களில் அந்த நீல அலுமினிய எல்போ (குழாயைத் திருப்பி இணைக்கும் முழங்கை வடிவத் துண்டு) அடிக்கடி கண்ணில் படும். அதன் பாக எண் ஏஎன் 822-4டி. ஒரு முனையில் கால் அங்குலக் குழாய்க்கான நேர் மரை. மறுமுனையில் 1/8 என்பிடி, அதாவது நுனியை நோக்கிச் சிறுத்துப் போகும் அமெரிக்கக் கூம்பு மரை. சீலண்ட் என்கிற கசிவடைக்கும் பசை இந்தக் கூம்பு மரைக்கு மட்டும்தான்.

கூம்பு மரையை எவ்வளவு இறுக்கினாலும் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே மெல்லிய சுருள் வழி ஒன்று மிஞ்சும். பசை அடைப்பது அந்த வழியைத்தான். பழைய பசையைச் சுரண்டித் துடைத்துவிட்டு, ஆண் மரையில் (வெளிப்பக்க மரையில்) மட்டும், நுனியில் இரண்டு மரையை வெறுமையாக விட்டு, மெல்லிசாகத் தடவ வேண்டும். நுனியில் தடவியது லைனுக்குள்ளேதான் போய் விழும். குழாய்க்காரர்களின் வெள்ளை டெஃப்லான் டேப் ஆகாது என்பதும் இதனால்தான்: பிய்ந்த நூல் ஒன்று போதும், கார்புரேட்டர் ஜெட்டை அடைத்துவிடும், மாஸ்டர் சிலிண்டரில் சிக்கினால் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். சிலிக்கோன் பெட்ரோலில் ஊறி உப்பிக் கழன்றுவிடும். மேனுவல் எந்தப் பசையைச் சொல்கிறதோ அதையே எடுங்கள்.

கையால் இறுகிய பிறகு ஒன்றரை முதல் இரண்டு சுற்று. “அண்ணே, இன்னும் கால் சுற்று போகட்டுமா?” என்று தம்பி கேட்டால் கணக்கைச் சொல்லிவிடலாம். அங்குலத்துக்கு 27 மரை. ஒரு சுற்றுக்கு 0.94 மில்லிமீட்டர் உள்ளே போகும். சரிவு 16-க்கு 1 என்பதால், சுற்றுக்குச் சுமார் 0.06 மில்லிமீட்டர் விட்டம் ஆப்பு மாதிரி விரியும். வார்ப்பு அலுமினிய பிரேக் காலிப்பர் இந்த விரிவை அதிகம் தாங்காது, விரிசல் விடும். எல்போ திரும்ப வேண்டிய திசையைத் தாண்டிவிட்டால் பின்னால் சுழற்றிச் சரிசெய்யக் கூடாது. பசைப் படலம் கிழிந்துவிடும். கழற்றித் துடைத்து மறுபடி ஆரம்பிப்பதுதான் வழி.

நம் ஊரில் இன்னொரு தொல்லை. கோலாலம்பூர் ஹார்ட்வேர் கடைகளில் எளிதாகக் கிடைப்பது பிரிட்டிஷ் பிஎஸ்பி மரை. 1/8 அளவில் அது அங்குலத்துக்கு 28 மரை, கோணம் 55 பாகை. என்பிடிக்கு 27, 60 பாகை. ஒன்றை மற்றொன்றில் பூட்டினால் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறிவிட்டு இறுகிக்கொள்ளும். நல்ல பொருத்தம் போலவே தோன்றும், ஆனால் மரை சிதைந்திருக்கும். மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்க்க அரை நிமிடம் கூட ஆகாது.

நேர் மரை முனையில் பசைக்கு வேலையே இல்லை. 37 பாகைக் கூம்பின் மேல் குழாயின் ஃப்ளேர் (விரித்த வாய்) உலோகத்தோடு உலோகமாக உட்கார்வதுதான் அடைப்பு. காருக்குப் பயன்படும் 45 பாகை ஃப்ளேர் கருவியால் விரித்த குழாய் அங்கே சரியாக உட்காராது. 5052 அலுமினியக் கலவையில் செய்த கால் அங்குலக் குழாய்க்கு நட்டின் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) 40 முதல் 65 அங்குல-பவுண்டு. அவ்வளவு இறுக்கியும் கசிந்தால் மேலும் இறுக்காதீர்கள், ஃப்ளேர் மெலிந்து வெட்டுப்படும். கழற்றி, ஃப்ளேரில் கீறலோ மணலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதிக்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்து, இணைப்பைச் சுற்றி வெள்ளை டிஷ்யூவை ஒற்றிப் பார்க்க வேண்டும். 5606 என்ற பிரேக் திரவம் சிவப்பு, துளியாக இருந்தாலும் தெரியும். எரிபொருள் பக்கம் அவ்வளவு சுலபமில்லை: 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் இந்த வெயிலில் ஆவியாகி, நீலக் கறையை மட்டும் விட்டுப்போகும். எரிபொருளுக்கு அழுத்தம் தரும் பூஸ்ட் பம்ப்பைப் போட்டு அன்றே பார்த்ததோடு விடாமல், மறுநாள் காலையும் டார்ச் அடித்து அந்தக் கறையைத் தேடுங்கள்.