நிறம் இருக்கிறது, பசை எங்கே?

அந்தக் காலத்து மனிதர்கள் வர்ணம் தயாரித்த கதையை யார் சொன்னாலும் கல், மண், கரி, இலை என்று அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். நிறத்துக்கு என்ன பஞ்சம்? எங்கள் சித்தூரில் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராக்காரர்கள் மன்னிக்கவும்) மழை நாளில் செம்மண் தடத்தில் நடந்தால் வேட்டியே காவியாகிவிடும். கஷ்டம் அதை ஒட்டவைப்பதில்தான்.

காவிக்கல்லை அம்மியில் தண்ணீர் விட்டு அரைத்துக் கரைத்தால் மணல் முதலில் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு சட்டிக்கு மாற்றி, அது தெளிந்ததும் நீரை இறுத்துவிட்டால், அடியில் வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று ஒரு வண்டல் இருக்கும், அதுதான் சரக்கு. மஞ்சள் காவியை நெருப்பில் நன்றாகச் சுட்டால் அதில் பிணைந்திருக்கும் நீர் போய்ச் சிவப்பாகும், இரண்டும் இரும்பு கலந்த மண்தானே. சரி, சுவரில் பூசியாயிற்று. காய்ந்ததும் தடவினால் பாதி விரலோடு வந்துவிடும்!

தென் ஆப்பிரிக்காவில் புளொம்போஸ் குகையில் 2008-ல் இரண்டு பெரிய சிப்பி ஓடுகள் கிடைத்தன. சுமார் 1,00,000 ஆண்டுப் பழசு. உள்ளே காவித் தூளோடு கரியும், சூடாக்கி நொறுக்கிய எலும்பும் இருந்தன. எலும்புக் கொழுப்பு பசையாக உதவியிருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அந்தக் காவியைவிட எலும்புதான் பெரிய விஷயம், யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பசையே வேண்டாத வேலையும் உண்டு, இங்கே பகவதி கோயில்களில் தரையில் வண்ணப் பொடிகளைத் தூவி அம்மன் உருவம் வரைவார்கள், அதற்குக் களம் என்று பெயர். வெள்ளைக்கு அரிசி மாவு, கறுப்புக்கு உமிக்கரி, பச்சைக்குக் காயவைத்துப் பொடித்த இலை. மஞ்சள்பொடியில் சுண்ணாம்பைப் பிசைந்தால் கண்ணெதிரே சிவப்பாகும். மஞ்சள் வெயிலுக்கு நிற்காதுதான், ஆனால் களத்தின் முன் பாடும் பாட்டு முடிந்ததும் அதையே அழித்துவிடுவார்களே, அப்புறம் என்ன கவலை.

கோயில் சுவர்ச் சித்திரம் அப்படியில்லை, அது வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். கேரளத்துச் சித்திரக்காரர்கள் காவியையும், கறுப்புக்கு எண்ணெய் விளக்கில் பிடித்த புகைக்கரியையும் வேப்பம் பிசினில்தான் குழைப்பார்கள். வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் பிசினை முந்தின நாளே ஊறப்போட்டுத் துணியில் வடிகட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாகப் பிரஷில் மாட்டி உயிரை வாங்கும்.