ஒன்று முதல் பத்து வரை

கருத்துக்கணிப்பு என்றாலே தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று சொல்வதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் பிழைப்பில் அது சின்னப் பங்கு. சோப்பு, கழிப்பறைத் திட்டம், தடுப்பூசி, செல்போன் என்று வருடம் முழுக்க எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருப்போம். மதுரை, சிவகங்கை, தேனிப் பக்கம் களக்குழுக்களை மேற்பார்வை பார்ப்பது என் வேலை. கேட்பதற்கு ரொம்பச் சுலபம், பதிலை நம்புவதுதான் கஷ்டம் என்று ஒரு கேள்வி இருந்தால், அது லஞ்சத்தைப் பற்றிய கேள்விதான்.

வேர்ல்டு வேல்யூஸ் சர்வே என்று பல நாடுகளில் பல வருடங்களாக நடக்கும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஒரு கேள்வி: வேலையில் இருப்பவர் லஞ்சம் வாங்குவது எந்த அளவுக்கு நியாயம்? 1 என்றால் ஒருபோதும் நியாயமில்லை, 10 என்றால் எப்போதும் நியாயம்தான். இதே மாதிரிக் கேள்வி எங்கள் படிவங்களிலும் அடிக்கடி வரும். பாதி கேட்பதற்குள் "ஒண்ணு" என்று பதில் வந்துவிடும். "ஒண்ணுக்குக் கீழ இல்லையா தம்பி?" என்று கேட்டவர்களும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி மட்டும், "பத்துக்குப் பத்து போடுங்க" என்றார். கேள்வி கேட்ட எங்கள் பையன் திகைத்துப்போய்க் காரணம் கேட்டான். "அந்த அளவுக்குல்ல நடக்குது!" நியாயமா என்று கேட்டதற்கு, எவ்வளவு நடக்கிறது என்று மார்க் போட்டிருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. படித்தவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஊழலைக் கண்காணிக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு வருடாவருடம் வெளியிடும் ஊழல் பட்டியலில் 2024-ல் இந்தியாவுக்கு நூற்றுக்கு 38 மதிப்பெண், 96-வது இடம். டிவி விவாதங்களில் இதை "மக்கள் சொல்கிறார்கள்" என்றே பேசுவார்கள். அதில் பொதுமக்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. துறை நிபுணர்களும் தொழில் நடத்துபவர்களும் போட்ட மதிப்பீடுகளின் கூட்டு அது. மக்களிடம் கேட்டது அதே அமைப்பின் வேறொரு ஆய்வு. 2020-ல் ஆசியாவின் 17 நாடுகளில் நடத்தினார்கள். அதற்கு முந்தைய 12 மாதங்களில் அரசு சேவையை நாடிய இந்தியர்களில் 39 சதவீதம் பேர் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். 46 சதவீதம் பேர் தெரிந்த ஆளைப் பிடித்துக் காரியம் முடித்திருந்தார்கள். எனக்கு அந்த 46-தான் பெரிய எண்ணாகத் தெரிகிறது. சிபாரிசை யாரும் குற்றமாகவே நினைப்பதில்லை என்பதால் அதைக் கூசாமல் சொல்கிறார்கள்.

ஆக, லஞ்சம் எவ்வளவு இருப்பதாக நினைக்கிறார்கள், தாங்களே கொடுத்தார்களா, அது சரி என்று எண்ணுகிறார்களா என்பவை தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கு நாளிதழ் படித்தாலே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத் தைரியம் வேண்டும். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் விலக்கு. கிராமத்தில் இதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. டவுனில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் எங்கள் களக்குழுப் பெண்ணிடம், "கொடுத்தேன்னு சொன்னா நாளைக்கு நான்ல மாட்டிக்குவேன்? முதல்ல அந்த டேப்லெட்டை ஆஃப் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டார். பெயரைப் பதிவதில்லை என்று விளக்கியும் எடுபடவில்லை.

இந்தப் பயத்தைத் தாண்ட நிபுணர்கள் சில தந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965-ல் தொடங்கிவைத்த வழியில் வந்த ஒன்று: நாணயத்தைச் சுண்டுங்கள், தலை விழுந்தால் 'ஆமாம்' என்று சொல்லுங்கள், பூ விழுந்தால் உண்மையைச் சொல்லுங்கள். தனி ஆள் என்ன செய்தார் என்று எங்களுக்குத் தெரியாது. மொத்தக் கணக்கில் மட்டும் விகிதம் வந்துவிடும். காகிதத்தில் அழகான முறை. மேலூர்ப் பக்கம் சோதனை ஓட்டத்தில், "நான் கொடுக்காதப்ப எதுக்குங்க ஆமாங்கணும்?" என்று ஒரு அக்கா சண்டைக்கே வந்துவிட்டார்.

இன்னொன்று பட்டியல் முறை. ஒரு பாதிப் பேருக்கு நான்கு வாக்கியங்கள், மறு பாதிக்கு அதே நான்கோடு லஞ்ச வாக்கியமும் சேர்த்து ஐந்து. எது எது என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்று எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும். இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் லஞ்சம் கொடுத்தவர்களின் பங்கு. பயிற்சியின்போது எல்லோருக்கும் புரிந்தது. களத்தில் நடந்தது வேறு. "பஸ்ல போனீங்களா?" "போனேன்." "ரேஷன் கடைக்கு?" "நேத்துகூட அரிசி வாங்கினேன், புழுங்கலரிசி." "வாய்விட்டுச் சொல்லாதீங்கய்யா, மனசுக்குள்ள எண்ணிக்கங்க." "சரி சரி. அடுத்து? காசு கொடுத்தியான்னா? வீட்டு வரிக்குக் கொடுத்தேன்." பக்கத்துத் திண்ணையிலிருந்து ஒருவர், "ஆயிரமா, ஆயிரத்தைநூறா?" என்று விசாரிக்கிறார். ரகசியம் காக்க வந்த முறை தெருவுக்கே கேட்டது.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது சரியா தப்பா என்பதற்கு, எனக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை கொடுத்தது குட்டிக் கதைகள் சொல்லிக் கேட்கும் முறைதான். சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அம்மா திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பொதுக் கேள்விக்கு எல்லோரையும்போல 'ஒண்ணு' சொல்லி முடித்துவிட்டார். அப்புறம் முதல் கதை. ஒருவர் பட்டா மாற்றக் கேட்கிறார், காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது, அலுவலர் இரண்டாயிரம் கேட்கிறார், கொடுக்கிறார், ஒரு வாரத்தில் பட்டா வருகிறது. "பட்டா வந்துருச்சுல்ல? அப்புறம் என்ன?" ஆறு போடச் சொன்னார். "அவுகளும் மேல கொடுக்கணும்ல தாயி."

இரண்டாவது கதையில் அலுவலர் அதே பணத்தை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் அலையவிடுகிறார். இரண்டுக்கு இறங்கினார். மூன்றாவதில் பணம் வாங்கிக்கொண்டு பக்கத்துக்காரன் நிலத்தை வேறொருவன் பெயருக்கு எழுதிவிடுகிறார். கை நின்றுவிட்டது. "இது களவுல? இதுக்கு நம்பர் என்ன கேக்குறீக?"

2011-ல் மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு, தனக்கு உரிமையுள்ளதைப் பெறவே கொடுக்க நேரும் லஞ்சத்தைத் தனியாகப் பிரித்து, அதில் கொடுப்பவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று எழுதினார். பெரிய சர்ச்சை ஆனது. அந்த அம்மா அதே கோட்டைப் புளிக்கூடைக்கு முன்னால் உட்கார்ந்து போட்டார். ஆனால் பாசு வாங்குபவரை மன்னிக்கவில்லை, இவர் மன்னித்துவிடுகிறார். வாங்கிய காசுக்கு வேலை நடந்ததா என்பதுதான் இவருடைய அளவுகோல். பொதுக் கேள்விக்கு வரும் 'ஒண்ணு', என் கணிப்பில், அரசு அலுவலகச் சுவர்களில் மாட்டியிருக்கும் பலகைகள் சொல்லித்தந்த பதில். (மதுரையில் ஆட்சியராக இருந்த சகாயம் தன் அறையில் மாட்டியிருந்த 'லஞ்சம் தவிர்த்து நெஞ்சம் நிமிர்த்து' எங்கள் ஊரில் பலருக்கு மனப்பாடம்.)

ஓட்டுக்குப் பணம் வாங்குவதைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். பணப் பட்டுவாடாவால் 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தான மாநிலம் இது. ஆனால் 'லஞ்சம் வாங்கியதுண்டா' என்ற கேள்விக்கு அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் குழந்தையைக் கொண்டுவந்து காட்டும்போது கொடுப்பதும், பையன் என்றால் கூடக் கொடுப்பதும் அப்படித்தான். தனியாகக் கேட்டால் மட்டும், எவ்வளவு, யார் கையில் என்பதுவரை வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள்.

அடுத்த சுற்றில் அந்த ஒன்று முதல் பத்துக் கேள்வியைக் கதைகளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். முதலிலேயே 'ஒண்ணு' சொன்னவர் அப்புறம் அதைக் காப்பாற்றிக்கொள்ளவே பார்க்கிறார் என்பது என் வாதம். டெல்லி அலுவலகம் ஒப்புக்கொள்ளவில்லை. வரிசை மாறினால் பழைய சுற்றுகளோடு ஒப்பிட முடியாதாம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில், பாதிப் பேருக்கு முன்னால், பாதிப் பேருக்குப் பின்னால் என்று முடிவானது. யாருக்கு எது என்பதை டேப்லெட்டே குலுக்கிப் போட்டுக்கொள்ளும்.