விமானத்தில் ஏறிய பீரங்கிக் குண்டு

ஜப்பானியப் போர்க்கப்பல்களின் பெரும் பீரங்கிகள் என்றாலே எல்லோருக்கும் யமாட்டோ கப்பலின், குழல் உள்விட்டம் 46 சென்டிமீட்டர் கொண்ட பீரங்கிதான் நினைவுக்கு வருகிறது. எனக்கோ அதற்கு முந்தைய 41 சென்டிமீட்டர் பீரங்கியின் வரலாறுதான் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

1905-இல் ரஷ்யாவுக்கு எதிரான சுஷிமா கடற்போரில் தலைமைக் கப்பலாக நின்ற மிகாசா பிரிட்டனில் கட்டப்பட்டது. 1913-இல் முடிந்த கொங்கோ என்ற போர்க்கப்பலும் அதன் 14 அங்குலப் பீரங்கிகளுடன் அங்கிருந்தே வந்தது. ஆனால் அதே வகையைச் சேர்ந்த மற்ற மூன்று கப்பல்களை ஜப்பான் தன் மண்ணிலேயே கட்டிக்கொண்டது. 1920-இல் ஜப்பானின் குரே நகரில் நாகாட்டோ என்ற போர்க்கப்பல் முடிக்கப்பட்டபோது, அதன் எட்டு 41 சென்டிமீட்டர் பீரங்கிகளுக்கு நிகரானவை அன்று வேறெந்த நாட்டுப் போர்க்கப்பலிலும் இல்லை. மிகாசாவை விலைக்கு வாங்கி இருபது ஆண்டுகள்கூட ஆகாத நாடு இந்த உயரத்தை எட்டியது என்பதை எண்ணும்போதெல்லாம் வியப்பு மேலிடுகிறது.

பனாமா கால்வாயின் அகலத்துக்குள் அடங்க வேண்டிய அமெரிக்கக் கப்பல்களால் 46 சென்டிமீட்டர் பீரங்கிகளைச் சுமக்க இயலாது என்ற கணக்கில்தான் யமாட்டோ திட்டமிடப்பட்டது. ஏறத்தாழ 1,460 கிலோ எடையுள்ள குண்டை 42 கிலோமீட்டர் தொலைவுக்கு எறியக்கூடிய அந்தப் பீரங்கிக்கு, உண்மை அளவு வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று, ஆவணங்களில் ‘40 சென்டிமீட்டர்’ என்றே பெயரிட்டார்கள்.

இதற்கிடையே நாகாட்டோ வகையின் கவசம் துளைக்கும் குண்டுகள் சிலவற்றைக் கடைந்து எடையைக் குறைத்து, வால் இறக்கைகள் பொருத்தி, சுமார் 800 கிலோ எடையுள்ள விமான வெடிகுண்டுகளாக மாற்றியிருந்தார்கள். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் அரிசோனாவின் வெடிமருந்து அறையை வெடிக்கச் செய்து 1,177 பேரின் உயிரைக் குடித்தது, கப்பலிலிருந்து சுடுவதற்கென்றே பிறந்து விமானத்திலிருந்து விழுந்த இவ்வகைக் குண்டுதான்.

அடுத்த வாரமே, டிசம்பர் 16 அன்று, யமாட்டோ கடற்படையில் சேர்ந்தது. அதன் பெரும் பீரங்கிகள் எதிரிக் கப்பல்களை நோக்கி முழங்கியது 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அருகே நடந்த ஒரே சண்டையில்தான். 1945 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்தன. நாகாட்டோவின் இணைக்கப்பலான முட்சுவின் 41 சென்டிமீட்டர் குழல் ஒன்று, கடலடியிலிருந்து மீட்கப்பட்டு, இன்று குரேயில் யமாட்டோ அருங்காட்சியகத்தின் வெளியே வைக்கப்பட்டிருக்கிறது.