சேவ் பண்ணினேன் சேர், எங்கேன்னுதான் தெரியல

இலங்கையில், ஹட்டனில் கணினிப் பாடநெறி முடிவில் செய்முறைப் பரீட்சை. கடிதத்தை டைப் பண்ண எனக்கு இருபது நிமிடம் போனது. அதைத் தேட இன்னொரு கால்மணி நேரம்.

"எங்கம்மா சேவ் பண்ணுனீங்க?"

"கம்ப்யூட்டர்லதான் சேர்."

பக்கத்து மேசைப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நடந்தது இதுதான். டெஸ்க்டொப்பில் சுட்டெண் (பரீட்சை இலக்கம்) பெயரில் ஒரு கோப்புறை செய்து, அதற்குள் கோப்பைச் சேமிக்கச் சொல்லியிருந்தார்கள். கோப்புறையைச் செய்துவிட்டேன். கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தினேன், ஒரு பெட்டி வந்தது, வாசிக்காமலே என்டர் தட்டினேன். அந்தப் பெட்டி கேட்பதே இரண்டு விஷயம்தான்: என்ன பெயர், எந்த இடம். நாம் சொல்லாவிட்டால் வேர்ட் தானே தீர்மானித்துவிடும். முதல் வரியைப் பெயராக எடுத்துக்கொள்ளும். நான் பாமினி எழுத்துருவில் டைப் பண்ணியிருந்தேன். திரையில் 'பெறுநர்' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தானே. கோப்பின் பெயரும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகவே விழுந்தது. இடமோ டொக்கியூமன்ட்ஸ். என் கோப்புறை வெறுமையாகக் கிடந்தது.

கடைசியில் பைல் மெனுவில் அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். திறந்து, எப் 12 அழுத்தி, சேவ் அஸ் மூலம் சரியான கோப்புறைக்குள் போட்டேன். அட்டவணைக் கேள்வியைத் தொட நேரமே இருக்கவில்லை.

அதனால் புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது: ஒரு எழுத்துக்கூட டைப் பண்ண முன்னம், வெறும் பக்கத்தையே சேவ் பண்ணுங்கள். பெயரைச் சுட்டெண்ணோடு ஆங்கிலத்திலோ, உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கும் யூனிகோட் தமிழிலோ வையுங்கள். திகதி போடுவதென்றால் சாய்கோடு வேண்டாம், விண்டோஸ் ஏற்காது. 2024-05-12 என்று சிறுகோடு போடலாம். அதன்பிறகு கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் பெட்டி வராது, சத்தமில்லாமல் சேமித்துவிடும். பந்திக்கு ஒரு தடவை அழுத்துங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், டைப் பண்ணுவதெல்லாம் சேமிக்கும்வரை ரம் நினைவகத்தில்தான் நிற்கும். கரண்ட் போனால் அதுவும் போகும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியபோது, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கணினியை ஓட்டும் யுபிஎஸ் இல்லாத வகுப்பில் படித்த எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேர்ட் தானாகவே ஒரு மீட்புப் பிரதி வைக்கும், உண்மைதான். ஆனால் மாற்றாமல் விட்டால் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான். பரீட்சையில் பத்து நிமிடம் என்பது ஒரு கேள்வி.

சேவுக்கும் சேவ் அஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வீட்டில்தான் படித்தேன். அக்காவின் பயோடேட்டாவைத் திறந்து, பெயரையும் பிறந்த திகதியையும் மாற்றி, தம்பிக்கு ஒன்று செய்தேன். சேவ் கொடுத்தேன். தம்பிக்குப் பயோடேட்டா கிடைத்தது, அக்காவுடையது அழிந்தது. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பழைய கோப்பிலிருந்து புதியது செய்வதென்றால் திறந்த கையோடு சேவ் அஸ் கொடுத்து வேறு பெயர் வைத்துவிடுங்கள்.

சில லேப்களில் கணினியை மறுபடி போட்டால் நீங்கள் சேமித்ததெல்லாம் துடைபட்டுப் போகும்படி செட் பண்ணி வைத்திருப்பார்கள். பயிற்சிக்குப் போகும் இடத்தில் இதை முதலே கேட்டு, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சையில் கடைசி ஐந்து நிமிடத்தை டைப் பண்ணச் செலவழிக்காதீர்கள். வேர்டை முழுதாக மூடுங்கள். சுட்டெண் கோப்புறைக்குப் போய், அங்கிருந்து கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து, கடைசி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழும்பிப் போகலாம்.